டோக்கன் முறைக்குக் கை தூக்கியவர்கள்

இராமநாதபுரத்தில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, எங்கள் பெண்கள் விடுதி மெஸ் முறையை மாற்றவைத்தவள் நான்தான். இப்போதும் எரிச்சலில்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

அதுவரை டிவைடிங் முறை. மாதச் செலவை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக் கட்டுவோம். நான் வெள்ளிக்கிழமை மதியமே என் ஊர் புதுமடத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். சாப்பிடாத சாப்பாட்டுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? பொருளியல் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ரேஷன் அரிசி, இலவச பஸ், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாமே எனக்கு வீணாகத்தான் தெரிந்தன. விடுதிக் கூட்டத்தில் எழுந்து பேசினேன்.

"அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க கட்டட்டும். வேளைக்கு வேளை காசு குடுத்து டோக்கன் வாங்கிக்கிட்டாப் போதும். ஒருத்தருக்காக எல்லாரும் ஏன் கட்டணும்?"

கைதட்டினார்கள். ஓட்டெடுப்பில் எளிதாக ஜெயித்தேன்.

மறுமாதம் என் அறைத்தோழி காலையில் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினாள். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. அம்மாவும் அய்யாவும் கருவேல மரம் வெட்டும் கூலிகள். கேட்டால், "பசிக்கல, நீ போ" என்பாள். அது அவள் விருப்பம் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

பரீட்சைக்காக ஊருக்குப் போகாத ஒரு ஞாயிறு, மதியச் சோற்றில் பாதியை அவள் டிபன் டப்பாவில் இரவுக்கு எடுத்து வைப்பதைப் பார்த்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? ஏன்டி பேசாம இருந்த?"

"நீ சொன்னது சரியாத்தானே இருந்துச்சு. நானும்தான் கை தூக்குனேன். முன்னெல்லாம் மெஸ் காசு ஸ்காலர்ஷிப்புல மொத்தமாக் கழிஞ்சிரும். இப்ப ஒவ்வொரு தடவ பர்ஸத் தொறக்கையிலயும் அம்மா ஞாபகம் வருது."

அடுத்த கூட்டத்தில் பழைய முறையே வேண்டும் என்றேன். முதலாண்டு பொருளியல் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"கஷ்டப்படுறவங்களுக்குத் தனியா உதவலாம்க்கா. ஒருத்தருக்காக எல்லாரும் ஏன் கட்டணும்?"

என் வாக்கியம்.

"யாரு கஷ்டப்படுறா? பேரைச் சொல்லு" என்றார் வார்டன்.

என் தோழி குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்கு வந்ததும், "எனக்காகப் பேசச் சொல்லி உன்ன யாரு கேட்டா?" என்றாள். அதன்பின் அவளுக்கும் சேர்த்து டோக்கன் வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தேன். அவள் தொடவே இல்லை. நாங்கள் படித்து முடித்து வெளியேறும்வரை டோக்கன் முறையும் மாறவில்லை.