உப்புக் கிணறும் ஒரு குழு ஒப்படையும்

ஒப்படை எண்டு அசைன்மென்ட் கொடுக்கிற தொழிலில, தண்டனை எழுதுற பிள்ளைக்கு இல்ல, இருந்து திருத்திறவனுக்குத்தான். வாத்திமாரே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேணாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில நான் புவியியல் படிப்பிச்ச காலத்துச் சங்கதி இது.

பங்கு

படிச்சதெல்லாம் சோதனையோட மறந்து போகுதே எண்டு, சேர்ந்து செய்யிற ஒப்படை ஒண்டு போட்டன். சுனாமி வந்து போய் இவ்வளவு காலமாகியும் கிணத்துத் தண்ணி ஏன் குடிக்க ஏலாமக் கிடக்கு? கல்லடிக் குகன், காத்தான்குடி ரிஸ்வான், வவுணதீவுச் சாந்தினி ஒரு குழு. கடல் வந்த ஊர் ரெண்டு, வராத ஊர் ஒண்டு. ஒப்பிட்டுப் பார்த்து, கூடியிருந்து எழுத வேணும்.

வந்தது மூண்டு கையெழுத்தில மூண்டு கட்டுரை. ரிஸ்வான் நல்லாத்தான் எழுதியிருந்தார்: மணல் நிலத்தில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசாத்தான் நிக்கும், துப்பரவாக்கிறம் எண்டு மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உப்பு மேல ஏறும். இறைச்ச கிணறு ஏன் இன்னும் உப்பா இரிக்கு எண்டு குகனிட்டக் கேட்டன். ஆள் நிதானமாச் சொன்னார்: "அது ரிஸ்வான்ட பங்கு சேர். அவர்ட பங்குக்குள்ள நான் கைவைக்கிறது சரியில்லத்தானே."

வவுணதீவில உப்பு

திருப்பி எழுதச் சொன்னன். அதுக்குள்ள நாட்டில யுத்தம் திரும்பத் துவங்கிட்டு. ஊருக்குப் போன சாந்தினி வாவிக்கு அங்கால மாட்டிக்கிட்டா, ஆமிக்காரர் பாதையைப் பூட்டிட்டாங்க. ஆனா ஒப்படை மட்டும் சொன்ன நாளுக்கு வந்திட்டு, சாந்தினிட பகுதியும் சேர்த்து. வாசிச்சா, வவுணதீவுக் கிணறும் காத்தான்குடிக் கிணறு மாதிரியே உப்பு. கடல் எட்டியும் பாக்காத வயல் ஊர் அது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. வாய்மொழிச் சோதனை வைப்பன், ஒவ்வொருத்தரும் மற்ற ரெண்டு பேர்ட பங்கையும் சொல்ல வேணும், ஒருத்தர் பிழையாச் சொன்னாலும் மூண்டு பேருக்கும் பூச்சியம் எண்டன். பூச்சியம் எண்டா அந்த வருசத்தைத் திரும்பப் படிக்க வேணும். சாந்தினிய வீட்டில இன்னொரு வருசம் படிக்க விடமாட்டாங்க எண்டு எனக்கும் தெரியும். ரிஸ்வான் தலையைச் சொறிஞ்சார்: "அவட இடம் வெறுமையாக் கிடந்தா அவக்குப் புள்ளி இல்ல சேர். அதான் எங்கட கிணத்தில இருந்து கொஞ்சம் ஊத்திவிட்டம்."

மோட்டர்

பிறகு அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வாவிக்கு இங்கால வந்தாங்க. சாந்தினிட குடும்பம் கல்லடியில ஒரு பாடசாலைக் கட்டடத்தில. குகனும் ரிஸ்வானும் பின்னேரங்கள்ல சைக்கிள்ள போய் அவக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பதான் குகனும் மற்றவங்கட பங்கை முதன்முதலா வாசிச்சாராம்.

சோதனை நாள் ஒருத்தரும் வரல்ல. மத்தியானம் வரைக்கும் பாத்துப்போட்டு, கோவத்தோட பஸ் ஏறி அந்தப் பாடசாலைக்குப் போனன். மூண்டு பேரும் கிணத்தடியில நிக்கிறாங்க. தண்ணி கலங்கிட்டு, வத்த இறைப்பம் எண்டு மோட்டரோட வந்த ஆக்களோட மல்லுக்கட்டு. அங்க இருந்த அத்தனை சனத்துக்கும் அந்த ஒரு கிணறுதான். சோதனையை விட்டுட்டு இங்க என்ன வேலை, மற்றவங்கட பங்கு என்னெண்டு இப்பவே சொல்லுங்க எண்டு சாந்தினிட்டக் கத்தினன். வாளியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னா: "அதைத்தான் இவங்களுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிறம் சேர். முதல்ல மோட்டர நிப்பாட்டச் சொல்லுங்க, உப்பு ஏறினா இந்தச் சனம் எதைக் குடிக்கும்?"

மோட்டரை நிப்பாட்டுவிச்சு மூண்டு பேருக்கும் முழுப் புள்ளி போட்டன். இருந்து யோசிச்சு நான் போட்ட ஒப்படையெல்லாம் வீணாப் போக, ஆத்திரத்தில போட்ட அந்தப் பூச்சியச் சட்டம் ஒண்டுதான் வேலை செஞ்சது எண்டதை மட்டும் இண்டைவரைக்கும் ஒரு மாணவரிட்டயும் நான் சொன்னதில்ல.