சீனி இல்லாத சுக்குக் காபி

திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தக் கடையில் சுக்குக் காபி மணத்ததும், இடித்துவிட்ட எங்கள் பசுமலை வீட்டின் மாடி அறை நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே குடியிருந்த சூடான் மாணவர் யூசுஃப் அண்ணன், ஒரு முறை தோற்றாலும் வெளியேற வேண்டிய சூடான் கோப்பைப் போட்டியில் தன் தம்பி ஆடுவதைக் கரகரக்கும் கைபேசியில் கேட்டபடி, அவர்கள் ஊர் வழக்கப்படி சுக்குப் போட்டுக் காபி கொதிக்கவிடுவார்.

"ஜெயிச்சா சீனி. தோத்தா கெடையாது, தங்கச்சி."

"ஒங்க தம்பிய நம்புனா வருசம்பூரா கசப்புத்தான்ணே!"

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் காபிக் கோப்பையைப் படமெடுத்து, சீனி உண்டா இல்லையா என்று எழுதி அனுப்புவார். அங்கே போர் தொடங்கியபின் படம் வரவில்லை. என் செய்திகள் இன்னும் ஒற்றை டிக்கிலேயே நிற்கின்றன.

"சீனி போடவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்ணே."