கப்பலில் குடித்த ஓதிய தண்ணீர்

கடற்கரையில் பிறந்தவளுக்குக் கப்பலில் தலை சுற்றாது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். எங்கள் சாய்ந்தமருதில் கடலுக்குப் போவது ஆண்கள்தான். பெண்கள் நாங்கள் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எனக்கு மூத்த பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் முதல்முதலாகக் கடலுக்கு மேலே கால் வைத்தேன்.

என் கணவர் மெசின் போட்டில் மீனுக்குப் போனவர். ஒரு முறை போன போட் திரும்பவில்லை. ஒலுவிலுக்கு நேரே ஆழத்தில் வைத்துக் கடைசியாகக் கண்டதாக மற்றப் போட்டுக்காரர்கள் சொன்னார்கள். மையித்துக் கிடைக்கவில்லை. அதனால் அடக்கம் செய்த கபுறும் இல்லை. விதவைக்குரிய இத்தா இருந்து முடித்தேன், மகனை வளர்த்தேன், அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவர் இருக்கிற இடத்துக்கு நேரே நின்று ஒரு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நெஞ்சில் கிடந்தது.

மகன் கட்டாரில் வேலை செய்கிறான். மருதமுனையில் கல்யாணம் முடித்து, ஊருக்கு வந்தால் பெண் வீட்டோடு இருப்பான். போன முறை லீவில் வந்தபோது, "உம்மா, உங்கட மருமகளையும் கூட்டிட்டு கப்பல்ல ஒரு பயணம் போவம். அம்பாந்தோட்டையில ஏறி திருகோணமலையில இறங்குற" என்றான்.

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "ஒலுவிலுக்கு நேரால போகுமா மகன்?"

"போகும். பின்னேரம், அஸர் தொழுற நேரம் மட்டில போகும்."

"அப்ப வாறன். அந்த இடத்தில நிண்டு வாப்பாக்கு ஸலாம் சொல்லி ஒரு யாசீன் ஓதணும்."

"ஊட்ட இரிந்து ஓதினாலும் அல்லாஹ் கேப்பான்தானே உம்மா?"

"கேப்பான். எனக்குத்தான் மனம் ஆறாது."

அவனுக்கு மார்க்கத்தில் வேறு கொள்கை; இடம் பார்த்து ஓதுவது, ஓதிய தண்ணீர் குடிப்பது எல்லாம் அவனுக்கு ஒப்பாது. அதில் நான் அவனோடு வாதாடுவதில்லை.

பயணம் என்று தெரிந்ததும் அயலில் சத்திக்கு, வாந்திக்கு என்று ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். தேசிக்காயை மணந்துகொள் என்றார் ஒருவர். இஞ்சியை வாயில் அடக்கு, ஓடிக்கொலோன் வாசனையைக் கைலேஞ்சியில் ஊற்றிக்கொள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "பேப்பர விரிச்சி அதுக்கு மேல இரிகா, சத்தி வராது" என்றாள். "அது பஸ்ஸுக்குகா, கப்பலுக்கு எத்தின பேப்பர் விரிக்கிற?" என்று அவளுடைய மகளே சிரித்தாள்.

நான் நம்பியது என் கணவர் சொன்னதைத்தான். புதிதாகக் கடலுக்கு வருகிறவர்கள் படுகிற பாட்டை அவர் சோற்றுக்கு முன்னால் இருந்து கதை கதையாகச் சொல்வார். வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. எண்ணெய்ச் சாப்பாடும் ஆகாது. பக்கத்து அலையைப் பார்த்தால் தலை சுற்றும், வானமும் கடலும் முட்டுகிற கோட்டைப் பார்க்க வேண்டும். அறைக்குள் படுக்காமல், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் முகத்தில் காற்றுப்பட நிற்க வேண்டும்.

ஒரு முறை கொழும்பு பஸ்ஸில் சத்திக் குளிசை ஒன்றை விழுங்கி, இறங்குகிற இடம் தெரியாமல் நித்திரை கொண்டவள் நான். அதனால் மகனிடம் தெளிவாகச் சொன்னேன். "எனக்குக் குளிசை மட்டும் தந்துராத. சத்தி எடுத்தாலும் காரியமில்ல. அந்த இடம் வாற நேரம் நான் முழிச்சிரிக்கணும்."

"ஓம் உம்மா" என்றான்.

பள்ளிவாசல் மௌலவியிடம் ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கினேன். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும், "பாரம்தானே, தாங்க, என்ட பேக்ல வெக்கிறன்" என்று வாங்கிக்கொண்டான். சந்தோஷப்பட்டேன்.

கப்பல் காலையில் புறப்பட்டது. கொஞ்ச நேரம் வீட்டு விறாந்தையில் நிற்கிற மாதிரித்தான் இருந்தது. கிழக்குக் கடலுக்குத் திரும்பியதும் ஆட்டம் கூடியது. நான் நடுத்தட்டில் காற்றுப் படுகிற இடத்தில் கதிரை பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கதிரையில் காரைதீவுப் பெண் ஒருவர் சொப்பின் பேக்கை வாய்க்கு நேரே பிடித்தபடி இருந்தார். அவருடைய புருஷன் அவித்த கடலை தின்றுகொண்டு நின்றார்.

"வயல்ல நிண்டவளக் கொண்டுவந்து கடல்ல உட்டா இப்பிடித்தான்" என்றார் அவர்.

"கடலையக் கொண்டு அங்கால போங்க. இல்லாட்டி உங்கட சட்டையிலதான் எடுப்பன்."

அவர் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். தூரத்துக் கோட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் நல்லது என்றார்.

நண்பகல் தொழுகையான லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம் என்று மகன் சொன்னான். பயணிக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் நான் அஸரை அந்த இடத்துக்கென்று வைத்தேன். லுஹர் தொழுது எழும்பியபோது வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கியது. கோடு மேலும் கீழும் போனது. "மகன், ஓதின தண்ணியத் தா" என்றேன்.

எடுத்துத் தந்தான். "ஒரு மிடறு போதும் உம்மா" என்றான்.

ஓதிய தண்ணீரை ஒரு மிடறோடு நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகப் பெரிய நோய்க்கு ஆக நிறையக் குடிப்போம். அரைப் போத்தல் குடித்தேன். கசந்தது. பித்தம் மேலே வந்திருக்கிறது என்று நினைத்தேன். காரைதீவுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "பள்ளித் தண்ணியா அக்கா? எனக்கும் தாங்களன்" என்றார்.

"அவங்களுக்கு வேணாம் உம்மா" என்றான் மகன்.

எனக்குக் கோபம் வந்தது. "தண்ணி கேட்டா இல்லண்டுறதா? யாருடா உனக்குப் படிப்பிச்ச?" என்று ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தார்.

கண் விழித்தபோது எனக்கு மேலே போர்வை இருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. மகன் பக்கத்தில் இருந்தான்.

"ஒலுவில் வந்துட்டா?"

"தாண்டிட்டு உம்மா. நல்லா நித்திரை கொண்டீங்க. எழுப்ப மனம் வரல்ல."

நான் என்னைத்தான் நொந்தேன். இத்தனை காலம் காத்திருந்த மனிசி, அவர் கிடக்கிற இடத்தில் தூங்கியிருக்கிறாளே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போது மருமகள் தேத்தண்ணீரோடு வந்தாள். பாவம், அவள் ஆறுதல் சொல்லத்தான் வாய் திறந்தாள். "அந்தக் குளிசைக்கு அப்பிடித்தான் மாமி. எழும்பினாலும் தலை பாரமாத்தான் இரிக்கும்."

"எந்தக் குளிசை?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"உங்கட நல்லதுக்குத்தான் உம்மா செஞ்ச" என்றான் மகன். "போகப்போகக் குடிப்பீங்க எண்டு முழுப் பயணத்துக்கும் பொடியாக்கிப் போட்டன். இப்பிடிக் குடிப்பீங்க எண்டு நினைக்கல்ல."

குளிசை தந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லித் தந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான், நான் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற ஒரே போத்தலைத் தேடி அதற்குள் போட்டான். பிறகு பக்கத்தில் இருந்து ஒலுவில் போவதையும் பார்த்தான். தோளில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். அங்கே கிடப்பது அவனுடைய வாப்பாவும்தான்.

காரைதீவுப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் கையால் கொடுத்தது அல்லவா. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரித்தார். "அதான் எனக்கும் கண்ணச் சொருகினதா? உடுங்க அக்கா, புள்ள நல்லதுக்குத்தானே செஞ்சிரிக்கி. சத்தியும் நிண்டுட்டே!"

நின்றுவிட்டதுதான். எனக்கும் ஒரு துளி சத்தி வரவில்லை. அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

பிந்திப்போன அஸரைத் தொழுதேன். துஆக் கேட்டேன். எந்தக் கடலில் நின்று கேட்டாலும் அல்லாஹ் கேட்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸலாம் மட்டும் சொல்லவில்லை. கப்பலுக்குக் கீழே ஓடியது வேறு தண்ணீர்.

மறுநாள் திருகோணமலையில் இறங்கியதும் ஒரு கடையில் மகன் எனக்குப் பிளேன்டீ வாங்கி வந்தான். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகக் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனது. மணந்து பார்த்தேன். அடியில் ஏதும் கிடக்கிறதா என்று சரித்தும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கறுத்துவிட்டது.

கோப்பையை என் கையிலிருந்து வாங்கினான். சுடச்சுட ஒரு மிடறு தான் குடித்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

அதன் பிறகுதான் என்னால் குடிக்க முடிந்தது.