அத்தான் எண்ணெய் தேய்த்த வண்டி

எங்கள் அத்தான் ஏசுவடியானுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். தொழில் அப்படி. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில், வருகிறவர்களைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் எண்ணெய் ஊற்றித் தட்டித் தேய்த்து அனுப்புகிறவர். வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய், குடை விரிய மறுத்தாலும் எண்ணெய். நான் தென்காசியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ கிறுக்கர்களின் வண்டியைப் பார்த்தவன். இவரைப் போல ஒருத்தரை இன்னும் பார்க்கவில்லை.

வண்டி வாங்கியது என் அக்கா ரூபிக்காக. போன சீசனில் மழைக்குள் பஸ் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது முட்டி உடைந்தது. ஆபரேஷனில் எலும்பு சேர்ந்துவிட்டது, கால்தான் முழுசாக மடங்கவில்லை. பஸ்ஸில் ஏற முடியாது. சாரல் நேரத்தில் ஆட்டோவும் சிக்காது. தென்காசியில் ஜெயபிரியாவின் தையல் கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள் வீட்டோடு முடங்கினாள். “ஆடி முடியுற வரைக்கும் ஒங்க மிஷின்ல யாரையும் உக்கார வைக்க மாட்டேன்க்கா. அதுக்கு மேல என்னால முடியாது” என்று ஜெயபிரியா சொல்லிவிட்டாள். “வீட்டுக்குள்ளயே கெடந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்லே கிங்ஸ்லி” என்று அக்கா என்னிடம் அழுதாள்.

அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோக, அத்தான் செங்கோட்டையில் ஒரு பழைய பைக்கைக் கண்டுபிடித்தார். கணபதிசுப்பிரமணியன் என்கிற ரிட்டயர்டு வாத்தியார், கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓட்டிவிட்டு, மகனோடு சென்னைக்குப் போகும்போது உறை போட்டு மூடிவைத்த வண்டி. எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. அத்தானுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் எரிச்சல், ஏனென்றால் சும்மா நின்ற வண்டியில் வேலை அதிகம். டயர் காய்ந்து வெடித்திருந்தது, பேட்டரி செத்திருந்தது, டேங்குக்குள் துரு. எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தேன்.

“பேசாம ஒரு ஸ்கூட்டர் எடுத்திருக்கலாம்லா அத்தான்?”

“அது பூரா பிளாஸ்டிக்கு மாப்ள. அவ காலுக்குத் தோதா பலகை வைக்கணும்னா எதுல வெல்டு அடிக்க?”

அந்தப் பலகைக்கு அவர் அளவெடுத்த விதம் இருக்கிறதே! அக்காவை ஸ்டூலில் ஒருக்களித்து உட்காரச் சொல்லி, காலடியில் செங்கல்லை வைப்பார், எடுப்பார், சாய்ப்பார். “இங்கன வலிக்கா? இப்பம்?” வலிக்காத உயரம் கிடைத்ததும் ஒரு குச்சியை அந்த அளவுக்கு ஒடித்துக்கொண்டு ஹுஸைஃபாவின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டார். காலை நீட்டி வைக்கிற மாதிரி அகலமான இரும்புப் பலகை, பிடித்துக்கொள்ள ஒரு வளையம், பின்பக்கம் பஞ்சைக் குறைத்துத் தாழ்த்திய சீட். என் கடையில் தொங்குவது எல்லாம் ரெடிமேடு. ஒன்றுகூட அக்கா காலுக்கு ஆகியிருக்காது.

அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். சாரல் தொடங்கியதும் துருப்பிடித்துவிடுமே என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்திருக்கிறார். சைலன்சருக்கு, கம்பிக்கு, முன்சக்கர டிஸ்க்குக்கு! பிரேக் கவ்விப் பிடிக்கிற தகடு அது. அதில் எண்ணெய் இருந்தால் எங்கே பிடிக்கும்? தனியாகப் போனவருக்கு ஐந்தருவிச் சாலை இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை மிதித்ததில் சறுக்கிக்கொண்டு போய், ரோட்டோரம் பழம் விற்கிற ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் ரம்புட்டான் கூடையில் விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “டிஸ்க்ல எண்ணெய் தேய்ச்சு வச்சிருக்கியளே, அது என்ன டூரிஸ்ட் முதுகா?”

“எல்லா எடத்துலயும் தேச்சாச்சு, இத மட்டும் எதுக்கு விடணும்னுதான் மாப்ள...” என்றார் பாவமாக.

டிஸ்க்கைச் சுத்தம் செய்து புது பிரேக் பேடு போட்டேன். பிரேக் கிண்ணென்று பிடித்தது. ஆனால் அக்கா அசையவில்லை. “பஸ்ல ஒருதடவ விழுந்தது போதும். நான் அதுல ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆடி பாதி போய்விட்டது.

மறுநாள் காலையில் அத்தான் அக்காவின் எடைக்கு ஒரு அரிசி மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிக் கட்டினார். அக்கா வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்குக் கிளம்பி, தையல் கடை வாசல் வரைக்கும் மூட்டையைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் வந்து பிரேக் அடிப்பார். வண்டி நச்சென்று நிற்கும். உள்ளே ஜன்னல் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டுத் தொழிலுக்குப் போய்விடுவார். தினமும் இதே கூத்து. “என்ன அண்ணாச்சி, மதினி இன்னைக்கு ஒண்ணும் பேச மாட்டேங்காவ?” என்று தெருவே கேலி செய்தது. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஒருநாள் நல்ல சாரலில் என் கடை முன்னால் போனார். மழைக்கோட்டை மூட்டைக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தார். வளைவு வந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய் மூட்டையைத் தொட்டு, “பிடிச்சுக்கோட்டி” என்றார். காதால் கேட்டேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். என் அக்கா கொடுத்துவைத்தவள் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

ஆடி கடைசி வாரத்தில் வண்டிச் செயினைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வழக்கம்போல மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வெளியே வந்தாள். சலவைச் சேலை, தோளில் கத்திரிக்கோல் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

“அந்த மூட்டைய எறக்குங்க” என்றாள்.

“எதுக்குட்டி?”

“பின்னால ரெண்டு பேருக்கு எடம் இல்லல்லா.”

அத்தான் அவசரமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழவே இல்லை, நான்தான் அவிழ்த்தேன். அக்கா வாசற்படியில் நின்று வளையத்தைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். கால் நீண்டு பலகையில் பொருந்தியது.

“வலிக்கா?”

“இல்ல. கையக் கழுவிட்டியளா?”

அத்தான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அக்கா ஒன்றைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, “சரி, எடுங்க. ஜெயபிரியா கடை தொறந்திருப்பா” என்றாள்.