பனிச்சறுக்கு வண்டியில் வந்த மாப்பிள்ளை

ஹாட்ரோ மாளிகையில் சமையல்காரி கெசையா பிரிம்பிளை எல்லோரும் "மிசஸ் பிரிம்பிள்" என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய வீட்டுச் சமையல்காரிக்கு அது ஒரு மரியாதைப் பட்டம். அதற்குப் புருஷன் இருக்க வேண்டியதில்லை. கெசையாவுக்கும் இல்லை. தோட்டக்காரன் ஈனாக் டாரன்ட் இருந்தான், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் ஈனாக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாளிகை எஜமானி லேடி ஹாட்ரோவின் முன்னால் போய், கெசையாவைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு நிற்பான். அந்த அம்மாளுக்குக் கெசையாவின் கைப்பக்குவம் தவிர வேறெதுவும் நாக்கில் ஒட்டாது. கல்யாணமான சமையல்காரிக்குப் பாதி மனசு தன் வீட்டில்தான் இருக்கும் என்பது அவருடைய கட்சி.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், டாரன்ட்."

வேலையை விட்டுவிட்டு எங்கே போவது? இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். கெசையாவுக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

பண்டிகைக்கு வேலைக்காரர் கூடத்தில் மிசில்டோ என்ற செடியின் கொப்பைக் கட்டித் தொங்கவிட்டால் இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம். அதற்கடியில் அகப்படும் பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கொப்பிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளிக்கொள்ளலாம்; பழம் தீர்ந்தால் முத்தமும் தீர்ந்தது. வண்டிக்காரன் ஸ்டப்ஸ் ஒவ்வொரு வருஷமும் ஈனாக்கைச் சீண்டுவான்.

"டாரன்ட் அண்ணே, பழம் தீரப்போகுது. எப்பத்தான் எந்திரிப்பீங்க?"

"நாலு பேர் பார்க்கக் கொடுத்தா, அது எம் பொண்டாட்டிக்குத்தான்டா."

"அப்ப நாங்க பார்த்த மாதிரிதான்!"

கூடமே சிரிக்கும். கெசையாவும் சிரிப்பாள், பிறகு சமையற்கட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கிற அடுப்பைக் கிளறுவாள்.

பித்துப் பிடித்த அரசருக்குப் பதிலாக அவர் மகன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஒரு வருஷம், தங்கை மகளுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கூடிவந்த மகிழ்ச்சியில் லேடி ஹாட்ரோ திடீரென்று சரி என்றுவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று காலையிலேயே கல்யாணம்; மதியம் மட்டும் வாத்து நேரத்துக்கு மேசைக்கு வந்துவிட வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் ஞாயிறுதோறும் அவர்களுடைய கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. தன் பெயரைக் கேட்டதும் கெசையா கன்னிப் பெண்ணைப் போலக் குனிந்துகொண்டாள்.

கடைசி ஓலை வாசித்த மறுநாள் குளத்தில் பனிக்கட்டி வெட்டினார்கள். கோடையில் மாளிகைக்குத் தேவைப்படும் என்று வைக்கோலில் புதைத்து வைக்கும் பனிக்கட்டி. சறுக்கு வண்டியை இழுத்த குதிரை, பனி உடைந்து உள்ளே விழுந்தது. ஈனாக் குதித்து வாரை அறுத்துவிட்டான். குதிரை பிழைத்தது. அவனும் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே வந்து, கெசையா கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டுத் தன் குடிசைக்குப் போனான். அப்புறம் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வைத்தியர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"நாளைக்குக் கோயிலுக்குப் போறோம், கெசையா."

"மூச்சு விட முடியல, கோயிலாம் கோயில்! முதல்ல எந்திரிச்சு உக்காருங்க. ஈஸ்டருக்குப் பார்த்துக்கலாம்."

"நீயும் அந்தம்மா மாதிரியே சொல்றியே."

கெசையாவுக்குச் சுரீரென்றது. போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு, "உங்க வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வச்சிருக்கேன்," என்றாள்.

கோயிலுக்கு வெளியே, படுக்கையில் வைத்து மோதிரம் போட இவர்களைப் போன்றவர்களுக்கு அனுமதி கிடைக்காது. அதனால் மறுநாள் காலை பனிக்கட்டி இழுக்கிற சறுக்கு வண்டியில் வைக்கோல் பரப்பி, சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்து, ஸ்டப்ஸும் தோட்டத்து ஆட்களுமாக அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போனார்கள். பக்கத்தில் கெசையா அவன் கையைப் பிடித்தபடி நடந்தாள்.

குருவானவர் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். "சம்மதமா?" என்றபோது ஈனாக்குக்கு மூச்சு வரவில்லை. கோயில் முழுவதும் காத்திருந்தது.

"சம்மதம்... ரொம்ப வருஷமா."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மோதிரம் போட்டதும், ஊரார் முன்னிலையில் அவன் அவளைக் கிட்டே இழுத்து முத்தமிட்டான். ஸ்டப்ஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று மாளிகை வாத்தை வேறு யாரோ வாட்டினார்கள்.

பண்டிகை முடிவதற்குள் ஈனாக் போய்விட்டான். கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு, "ஒரு வாய் குடிக்கிறீங்களா?" என்று திரும்பினாள் கெசையா. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கண்ணை மூடிவிட்டாள்.

அடக்கம் முடிந்தபின் லேடி ஹாட்ரோ கறுப்பு உடையில் குடிசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நான் முன்னாடியே விட்டிருக்கணும்."

"ஆமாம்மா," என்றாள் கெசையா. "விட்டிருக்கணும்."

போகும்போது அந்த அம்மாள் என்ன வேண்டுமென்று கேட்டார். அந்தக் குடிசையில் இருந்துகொள்கிறேன் என்றாள் கெசையா. புதுத் தோட்டக்காரனுக்கு லாயத்துக்கு மேலே இடம் ஒதுக்கினார்கள்.

அதன்பிறகும் அவள் மாளிகையிலேயே பல வருஷம் சமைத்தாள். மாளிகைப் பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் முற்றத்தைத் தாண்டி நடந்து, பூட்டைத் திறந்து, தானே விளக்கேற்றிக்கொள்வாள். அடுப்பு மூட்டியபின் ஒருவருக்கு மட்டும் தேநீர் போடுவாள்.