டிராக் நாள் குறிக்க உட்கார்ந்த மதியம்

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் வேகமான கார் என்றால் பைத்தியம். பந்தயக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கோயம்புத்தூர் பக்கத்திலும் சென்னை பக்கத்திலும் உள்ள பந்தயத் தடங்களை வருடத்தில் சில நாட்கள் எங்களைப் போன்ற ஆசைக்காரர்களுக்கும் திறந்துவிடுவார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, குறுக்கே ஆடோ, எதிரே நெல் லாரியோ வராத ஒரு சாலையில், நம் காரை அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவு விரட்டிப் பார்க்கலாம். அதைத்தான் டிராக் டே என்கிறோம்.

நான் திருவாரூரில் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய சின்னக் கார். ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றி ஒருவாறு தேற்றி வைத்திருக்கிறேன். இரண்டாமவர் மன்னார்குடிக்காரர், என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். அறுப்பு மிஷின்களை வாடகைக்கு விடுகிறவர். மூன்றாமவர் கூத்தாநல்லூர் பாய். நான் அவரை அண்ணே என்பேன். துபாயில் பல வருடம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். எங்களில் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம்தான் இருந்தது. இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிய சிவப்பு வண்டி. ஊரின் வேகத்தடைகளில் அதைக் கோணலாக ஏற்றி இறக்குவதே ஒரு வித்தை. எங்கள் மூவரில் நன்றாக ஓட்டுகிறவரும் அவர்தான். பதறாமல் ஓட்டுவார். வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, அவர் வீட்டில் கூடினோம். அடுத்த வருடத்துக்கான டிராக் நாட்களைக் குறிக்க வேண்டும். டெல்டாவில் இருந்துகொண்டு இது எளிதான வேலை அல்ல. தை, மாசியில் சம்பா அறுப்பு. மன்னார்குடிக்காரர் மிஷினை விட்டு அசைய மாட்டார். அதன் பின்னாலேயே நோன்பு வந்துவிடுகிறது. மேட்டூர் திறந்து குறுவைக்கு விதை எடுக்க ஆள் வரத் தொடங்கினால் எனக்குக் கடையில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஐப்பசிக்கு மேல் மழை. மிஞ்சுவது வெயில் காலமும் ஆடியை ஒட்டிய கொஞ்ச நாட்களும்தான்.

சாப்பாட்டு மேசையில் நாட்காட்டியைப் பரப்பிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனின் மனைவி, இறால் வைத்துப் பொரித்த வாடாவும் டீயும் கொண்டுவந்து வைத்தார். அந்த ஊர் வழக்கப்படி அவரை நான் மச்சி என்று கூப்பிடுவேன். வழக்கமாக எங்களைக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறவர் அன்று போகவில்லை. சமையலறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஏப்ரல்ல ரெண்டு நாள், மே மாசம் ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு," என்றார் மன்னார்குடிக்காரர். "பாய், இந்தத் தடவை பிரேக் ஆயிலை முன்னாடியே மாத்திடுங்க. போன ஆகஸ்ட் மாதிரி ஆயிடக் கூடாது."

அண்ணன் தலையை ஆட்டினார். "மாத்திடுவோம், மாத்திடுவோம்."

போன ஆகஸ்டில் நடந்ததை நாங்கள் ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கி வைத்திருந்தோம். அவர் வண்டியில் ஒரு ரவுண்டு வரவேண்டும் என்று நான் கேட்டேன். ஏற்றிக்கொண்டார். நீண்ட நேர்ச்சாலையில் வண்டி பறந்தது. தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக் கத்திப் பாடம் நடத்தினார். "அந்த வெள்ளைப் பலகை தெரியுதா? அது வந்ததும் நான்..." என்றார். பலகை வந்தது. போனது. "அண்ணே, பிரேக்," என்று நான் கத்தினேன். வண்டி வளைவில் திரும்பாமல் நேரே சென்று, தடம் தவறும் வண்டியைத் தடுத்து நிறுத்தப் போட்டிருக்கும் சரளைக் குழிக்குள் பாய்ந்தது. கற்கள் அடியில் மழைபோல் அடித்தன. அதற்கு அப்பால் டயர்களை அடுக்கிய சுவரில் மெதுவாகத்தான் மோதினோம். எனக்குத் தோளில் பெல்ட் அழுத்திய கன்றல். அவ்வளவுதான். சற்றுப் பொறுத்து அவர், "பிரேக் பிடிக்கல," என்றார். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆயில் கொதித்திருக்கும் என்றார். டிராக்கில் அது சாதாரணமாக நடப்பதுதான். அன்று மாலை சரளையில் மாட்டிய காரோடு மூவரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டோம்.

"அப்ப நாலு நாளுக்கும் மூணு பேரையும் போட்டுடறேன்," என்றார் மன்னார்குடிக்காரர், போனைக் கையில் எடுத்தபடி.

"இவங்க பேரைப் போடாதீங்க தம்பி," என்றார் மச்சி.

கேலி என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் எங்களைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீங்களே சொல்லிடறேன்னு சொன்னீங்க. சாப்பிட்டாச்சு, டீயும் குடிச்சாச்சு. இன்னும் சொல்லல."

அண்ணன் நாட்காட்டியின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார்.

"இவங்களுக்கு வலிப்பு வருது," என்றார் மச்சி. "கை கால் இழுத்துக்கிட்டு விழற மாதிரி இல்ல. பேசிக்கிட்டே இருக்கறப்ப அப்படியே நின்னு போயிடுவாங்க. கண்ணு திறந்துதான் இருக்கும், ஆளு இருக்க மாட்டாங்க. போன மாசம் எனக்கு முன்னாலயே வந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் இவங்க வாயிலேர்ந்து வந்துச்சு. அன்னைக்கு டிராக்ல போனது பிரேக் இல்ல."

எனக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. வாடாவில் பாதியைக் கையில் வைத்திருந்தேன். அதைத் தட்டில் வைப்பதா தின்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"அல்லா காப்பாத்துனான்," என்றார் மச்சி. "தனியா இருந்தாங்க. பக்கத்துல யாரும் இல்ல."

மன்னார்குடிக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த வீட்டில் என்ன சொல்லப்பட்டிருந்தது என்று.

"தனியா இல்ல மச்சி," என்றேன். "நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

மச்சி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடித் துழாவி உட்கார்ந்தார். "நீயா?" என்று கேட்டார். திரும்பவும், "நீயாம்மா?" என்றார். அவர் முகத்தில் இருந்த நிறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

"அண்ணே, அதான் முதல் தடவையா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நாங்கள் நம்பியிருப்போம்.

"இல்லம்மா," என்றார். "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்துச்சு. கடைத்தெருவுல ஒண்ணு, குளிக்கறப்ப ஒண்ணு. தஞ்சாவூர்ல ஒரு டாக்டர்கிட்ட தனியாப் போய்க் காட்டுனேன். டெஸ்ட் எடுக்கற வரைக்கும் வண்டிய தொடாதீங்கன்னாரு."

"அப்பறம் ஏன் என்னை ஏத்துனீங்க?"

"நீ வரேன்னு கேட்ட. வேண்டாம்னா ஏன்னு கேப்ப."

மச்சி, "தஞ்சாவூர் டாக்டர்கிட்ட போனதே எனக்குத் தெரியாது," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். அந்த அறையில் அண்ணனைத் தவிர மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று புதிதாகத் தெரியவந்துகொண்டிருந்தது.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து சாவியைப் போட முயன்றேன். எடுத்தது கடைச் சாவி என்று பிறகுதான் தெரிந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அழுகையும் வரவில்லை. திறந்த கண்களோடு ஆள் இல்லாத ஒருவர் அந்த வேகத்தில் வண்டியைப் பிடித்திருந்தார், நான் பக்கத்தில் பெல்ட்டுக்குள் கட்டுண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை மனம் ஓட்டிக்கொண்டே இருந்தது. சரளைக் குழி இருந்ததால் இன்று கடைக்கணக்குப் பார்க்கிறேன்.

மன்னார்குடிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "தள்ளி உட்காருங்கக்கா. நான் கொண்டு போய் விடறேன். பஸ்ல திரும்பி வந்து என் வண்டிய எடுத்துக்கறேன்."

இரண்டு பக்கமும் கதிர் வாங்கிக்கொண்டிருந்த சம்பா வயல். அவர் மெதுவாக ஓட்டினார், எங்கள் இருவருக்கும் பழக்கமில்லாத மெதுவாக. ஊர் தாண்டி ஒரு வாய்க்கால் மதகருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்கு முந்தின ரவுண்டு அந்த சீட்டுல என் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தா," என்றார். "நான்தான் போ போன்னு தள்ளி விட்டேன். அவ பயந்தா."

இறங்கி மதகுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நனைந்தபடி நின்றார். நான் கூப்பிடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. என் தலைக்கவசத்தை எடுத்துப் பீரோவின் மேல், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பங்குனி வாக்கில் அதை அவரே கீழே எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார்.

ஏப்ரலில் இரண்டு பேராகத்தான் போனோம். வண்டி ஓட்டினேன். ரசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யாரோ ஒருவர் என் வண்டியில் ஒரு ரவுண்டு வரட்டுமா என்று கேட்டபோது, எனக்கு ஒரு நோயும் இல்லாமலேயே, மாட்டேன் என்று சொன்னேன். மன்னார்குடிக்காரர் தன் மனைவியை அழைத்து வரவில்லை. மே மாத நாளை இருவருமே விட்டுவிட்டோம்.

அண்ணனிடமிருந்து போன் வரும், எடுக்க மாட்டேன். மச்சி ஒருநாள் மட்டும் கடைக்கு வந்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார் என்றார். "அவங்களுக்காகப் பேச வரல. எனக்கு உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் விதை மூட்டைகள். வந்துபோகிறவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

குறுவைக் கூட்டம் நெரிந்த நாளில் அண்ணனே வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். விதை வாங்க நின்றவர்களுக்குப் பின்னால் அவரும் வரிசையில் நின்றிருந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. மெலிந்திருந்தார். அவர் முறை வந்ததும், "உன்னை ஏத்துனது பெரிய தப்பும்மா," என்றார், ஏடிடி நெல் விதை கேட்கிற குரலிலேயே.

"ஆமாண்ணே," என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு அது வாயில் வரவில்லை. பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார். அண்ணன் நகர்ந்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். கூட்டம் குறையும்வரை போகவில்லை. இடையில் ஒருவருக்கு மூட்டையைத் தூக்கிவிடக்கூட எழுந்தார்.

"அடுத்த வருஷத்துக்குத் தேதி குறிக்கறப்ப என்னையும் கூப்பிடுவியா?" என்று கேட்டார் கடைசியில். "ஓட்டறதுக்கு இல்ல. சும்மா பேச."

நான் பில்லைக் கிழித்துக் கொடுத்து முடித்தேன். அவரை மன்னித்துவிட்டேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் நாட்களைப் பற்றி வாய் ஓயாமல் சண்டை போட எங்களுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்பது தெரியும்.

"வாங்க," என்றேன். "எங்க கடை மாடியில வச்சுக்குவோம். மச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

தலையாட்டிவிட்டுப் பஸ் நிலையம் பக்கம் நடந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்தவர் என்னிடம் என்ன விதை கேட்டார் என்பதை நான் இரண்டு முறை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.