மாதிரிக் காசு

காசு கழுவுவது அவள் வேலை. அகலத் தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கணவர் கடைகளில் மாற்றிக்கொண்டு வந்த சில்லறையை அதில் கொட்டி, தேய்ந்த பல் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். பிசுக்கு ஒட்டியிருந்தால் அவருடைய காசு பிரிக்கும் மெஷின் விழுங்காது. "வீட்ல மனுஷங்க எப்படித் தின்னா என்ன, மெஷினுக்குப் பத்தியம் தப்பக் கூடாது" என்பாள், தொட்டியிடம்.

தெருவில் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். கணவர் வேலை பார்த்த, தகடு வெட்டும் பிரஸ் பட்டறை இழுத்து மூடப்பட்ட பிறகு, குடும்பத்தை ஓட்டியவை அவள் தைத்த தலையணை உறைகளும் மாற்றிக் கொடுத்த ஜிப்புகளும்தான். ஜன்னல் வைத்த ஒரே அறையில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. காசு பிரிக்கும் மெஷின் வந்த அன்று தையல் மெஷின் அடுப்படி மூலைக்குத் தள்ளப்பட்டது. அங்கே வெளிச்சம் கிடையாது. வெள்ளைத் துணியில் எண்ணெய் தெறித்து இரண்டு வாடிக்கைக்காரிகளை இழந்திருந்தாள்.

பழைய காசு முழுச் செம்பு. புதியது இரும்பின்மேல் செம்புப் பூச்சு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்குள் ஒரு மாதிரிக் காசைச் செருகிவிட்டால், விழுகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டு, அதே உலோகமானால் வலப்பெட்டிக்குத் தள்ளும், இல்லாவிட்டால் இடப்பெட்டிக்கு. காசின் மதிப்பைவிட அதிலுள்ள செம்புக்கு விலை அதிகம் என்பதால், வலப்பெட்டி அவருடைய சேமிப்பு. இடப்பெட்டி வீட்டுச் செலவுக்கு அவள் கைக்கு வரும்.

அன்று காலை வலப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலோகக் கடைக்கு விலை கேட்கப் போனார். கடைக்காரர் ஒரு காந்தத்தை நீட்டினார். செம்பென்று போன காசெல்லாம் அதில் கொத்தாகத் தொங்கியது. கடையே சிரித்தது.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாம் உன் தையல் மெஷினால வந்த வினை! அது ஓடுறப்போ கரண்ட் ஆடுது, என் மெஷினுக்குப் புத்தி கெடுது. வாங்குறதுக்கு ஆள் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போவான்."

"சோறு போட்ட மெஷினை விக்க நீங்க யாரு?"

"என் வீட்ல நான் யாருன்னு கேக்குறியா?"

"கோளாறு எதுலன்னு தெரியட்டும். அப்புறம் விக்கலாம், யாரை வேணா விக்கலாம்" என்று கத்திவிட்டு, எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் போன் போட்டாள். அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவதுதான்.

தம்பி வந்தான். அவனுக்குத் தொண்டை இயல்பிலேயே பெரிது.

"வாங்க மச்சான். போன தடவை நீங்க மாட்டுன ஃபேன் இன்னும் தலைக்கு மேல ஆடிக்கிட்டிருக்கு."

"காத்து வருதுல்ல மாமா? ஆட்டம் இனாம்."

தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பிடி காசைக் கொட்டினான். வலப்பெட்டியில் விழுந்ததெல்லாம் அவனுடைய காந்த ஸ்க்ரூடிரைவரில் ஒட்டியது. பிளக்கைச் செருகி, அக்காவைப் பெடலை மிதிக்கச் சொல்லி, மறுபடி கொட்டினான். அதே கதைதான்.

"அக்கா மெஷின் மேல பழி போடாதீங்க மாமா." மாதிரிக் காசை உருவி மேசையில் வைத்தான்.

சிந்திய குண்டூசி பொறுக்க அவள் கழுத்தில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும். அதைக் காசின்மேல் தாழ்த்தினாள். காசு துள்ளி ஒட்டிக்கொண்டது.

தம்பி சிரித்துவிட்டான். "மெஷின் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு! இரும்பைக் காட்டி இதைத் தேடுன்னா இரும்பைத்தானே தேடும்? அப்போ செம்பெல்லாம் இடப்பெட்டில. அக்கா, இத்தனை மாசமா செம்பைக் குடுத்தா காய் வாங்கினே?"

அவர் அவளை முறைத்தார். "நீ மாத்தி வச்சிருக்கே. நான் வச்சது செம்பு. காதால கேட்டு எடுத்தது."

பட்டறையில் அவருக்குக் 'காது' என்றே பட்டப்பெயர். தரையில் விழும் துண்டு எந்த உலோகமென்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்.

காந்தத்திலிருந்து காசைப் பிடுங்கித் தரையில் போட்டார். டொக்கென்று விழுந்தது.

"கேட்டியா? கணீர்னு!"

தம்பி சிரிப்பை நிறுத்தினான். அவள் இடப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். அது பாடிக்கொண்டே சுழன்று, அடங்க நேரமாயிற்று.

"இதுவும் அதேதானே!" என்றார்.

அவள் அவர் காதைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்தப் பிரஸ்ஸின் பக்கத்தில் நின்ற காது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவர் வராததையெல்லாம் திமிர் என்றே நினைத்து, பதிலுக்குத் தட்டை ஓசைப்பட வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கமாக இருந்தது. அந்த ஓசையும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது இப்போதுதான் உறைத்தது.

"நான் வர்றேங்க்கா." தம்பி பையைத் தூக்கிக்கொண்டு நழுவினான்.

அவர் முதுகைக் காட்டிக் குனிந்து, அதே இரும்புக் காசை மறுபடி மெஷினுக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க வர்றவனைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள், ஊசியில் நூல் கோக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரலில். "நாளைக்கு என் மெஷின் இந்த ரூமுக்கு வருது. உங்களது அடுப்படிக்குப் போகுது. சரிதானே?"

அவர் திரும்பவில்லை.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

நியாயத்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். அவர் அடுத்த காசைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அறையை விட்டு வெளியே போனாள்.